ஆறு ஏர்பேக்கும் ஒரு சீட் கவரும்

எட்டயபுரத்தில் சம்பந்தி வீட்டு வாசலில் இரண்டு பெரிய கார்கள் மூக்கோடு மூக்கு நின்றன. ஒன்று எங்களுடையது, மற்றது அவர்களுடையது. வளைகாப்பு முடிந்துவிட்டது. ஏழு மாத வயிற்றோடு இருந்த என் மகளைப் பிரசவத்துக்குக் கோவில்பட்டிக்குக் கூட்டிவர வேண்டும். எந்த வண்டியில் என்பதுதான் சண்டை. மருமகனுக்கு லீவு கிடைக்கவில்லை. அவரும் இங்கே இருந்திருந்தால் மூன்றாவதாக ஒருவர் கத்தியிருப்பார், அவ்வளவுதான் வித்தியாசம்.

சம்பந்திதான் ஆரம்பித்தார்.

"எங்க வண்டியில ஆறு ஏர்பேக் இருக்கு அண்ணாச்சி. உங்களுதுல ரெண்டுதானே?"

என் வீட்டுக்காரர் விடுவாரா? பானட்டை ஓங்கித் தட்டினார். "இது இரும்பு அண்ணாச்சி. உங்க வண்டி விரலால அமுக்குனாலே உள்ள போவுது."

"அது அப்பிடித்தான் போவணும். வண்டி நசுங்குனாத்தான் ஆளு பிழைப்பான். வண்டிய மோதவிட்டுப் பாத்து ஸ்டார் குடுக்காங்களே, பாத்தீங்களா? எங்களுக்கு அஞ்சு!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் பேச்சில் ஏர்பேக் இருந்தது, ஸ்டார் இருந்தது, என் பிள்ளை இல்லை. அவளுக்கு இது இரண்டாவது. முதலாவது மூன்றாம் மாதமே கலைந்துபோனது. அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் சம்பந்தியம்மாள், என் காதில் விழட்டும் என்றே சொன்னாள்: "எங்க வம்சத்துல யாருக்கும் இப்பிடி ஆனதில்ல." அதிலிருந்து அவளோடு எனக்கு முகம் கொடுத்துப் பேச்சு கிடையாது. இன்று காலை வளைகாப்பில் அவள் நீட்டிய பூவைக்கூட வாங்கித் தட்டில்தான் போட்டேன். தலையில் வைக்கவில்லை.

அவர்களைப் பிடிக்கவில்லை என்பதற்காகக் கண்ணை மூடிக்கொள்ள முடியுமா? எங்கள் வண்டியின் லட்சணம் எனக்குத் தெரியாதா! பின்சீட்டு பெல்ட்டை இழுத்தால் வரும், திரும்பிப் போகாது. தொளதொளவென்று மடியில் கிடக்கும். அதைச் சரிசெய்யச் சொன்னால், பம்பருக்கு முன்னால் ஒரு குழாய்க் கம்பியை மாட்டிக்கொண்டு வந்து நிற்கிறார் இந்த மனுஷன். அந்தக் கம்பி இருந்தால் ஏர்பேக் ஒழுங்காக வேலை செய்யுமோ செய்யாதோ, அதுவும் தெரியாது. ஆக, வயிற்றெரிச்சலோடு நானே சொன்னேன்.

"அவங்க வண்டியிலயே போவட்டும்."

சம்பந்தி மீசையில் சிரிப்பு ஏறியது. என் வீட்டுக்காரர் என்னை எரிப்பதுபோல் பார்த்தார். போகட்டும்.

மகளை உட்காரவைக்கப் பின்கதவைத் திறந்தேன். பெல்ட்டை, வயிற்றுக்குக் கீழே இடுப்பெலும்போடு ஒரு பட்டை, தோளிலிருந்து வயிற்றுக்குப் பக்கமாக ஒரு பட்டை என்று போட வேண்டும். டாக்டரம்மா மகளுக்குச் செய்தே காட்டியிருந்தார்கள். தோளுக்குப் போடும் பட்டை தொங்கியது. அதைச் செருகும் பூட்டைக் காணவில்லை. தடவிப் பார்த்தேன். புது சீட் கவருக்கு அடியில் முண்டுமுண்டாகத் தட்டுப்பட்டது. மேலே தைத்து மூடிவிட்டார்கள்! முன்சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் என்று எழுதிய துணிச்சீட்டு எட்டிப் பார்த்தது. அதன் மேலேயும் அதே கவர், பை விரிந்து வெளியே வர வழியில்லை. டிரைவர் சீட்டில் பெல்ட் போடாவிட்டால் வண்டி 'கிணிங் கிணிங்' என்று கத்துமாம். அதன் வாயை அடைக்க சம்பந்தி ஒரு வெறும் கொக்கியை வாங்கிச் செருகியிருந்தார். கொக்கியில் வேல் படம் வேறு. ஆறு ஏர்பேக்காம் ஆறு!

"அண்ணாச்சி, பெல்ட்டு பூட்ட எங்கன வச்சு மூடியிருக்கீங்க?"

"பின்சீட்டுல யாரு தங்கச்சி பெல்ட்டு போடுதா? இங்கன இருக்க கோவில்பட்டிக்கு! மாசமா இருக்க புள்ளைய எதுக்கு கட்டிப்போடுதீங்க?"

"கவரக் கழட்டுங்க."

"கழட்டவா? அளவெடுத்து தச்சது. போன வாரம்தான் போட்டேன். நல்ல நேரம் போவுது, ஏறச் சொல்லுங்க."

மகள் ஏறவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு, கையை வயிற்றின் மேல் வைத்து நின்றாள். "பெல்ட்டு இல்லாம நான் வரலம்மா," என்றாள். முதல் தடவை ஆஸ்பத்திரியில் "என்னம்மா ஆச்சு?" என்று கேட்டாளே, அதே குரல். அதற்குமேல் எனக்கு அடக்க முடியவில்லை. உள்ளே போனேன். தாம்பாளத்தில் பழம் நறுக்கிய கத்தி கிடந்தது. எடுத்துவந்து கவரில் குத்தி ஒரே இழுப்பு. பூட்டு வெளியே வந்தது.

"ஐயையோ! நல்ல நாளும் அதுவுமா கத்தி எடுத்துக் கிழிக்கீங்களே, சபையில உள்ளவங்க என்ன நினைப்பாங்க!" சம்பந்தி தெருவே திரும்பக் கத்தினார்.

"என்னமும் நினைச்சிட்டுப் போவட்டும்!"

மகளை உட்காரவைத்தேன். பட்டையைச் சரியாக இறக்கிப் பூட்டினேன். அப்போது மறுபக்கக் கதவு திறந்தது. சம்பந்தியம்மாள். சரி, வந்துவிட்டாள், இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று நிமிர்ந்தேன்.

அவள் என்னைப் பார்க்கவேயில்லை. புருஷனைப் பார்த்தாள். "அந்தக் கொக்கியப் பிடுங்கிப் போட்டுட்டு ஒழுங்கா பெல்ட்ட மாட்டுங்க. இல்லன்னா சாவியக் குடுங்க, வேற ஆள வச்சுப் போய்க்கிடுதோம்."

பிறகு மகள் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, தன் பக்கத்துக் கவரைத் தட்டிக் காட்டினாள்.

"இங்கனயும் கிழிங்க மதினி. இந்தத் தடவ ஒண்ணும் ஆயிரக்கூடாது."

கத்தியை அவள் கையில் கொடுத்தேன். அவளே கிழித்தாள்.