பெக்கு என்று வாசித்த பிள்ளை

பாலக்கோட்டுக்கு மேற்கே இருந்த அந்த மலையடி ஊருக்குப் பால்வாடி டீச்சராக வந்தபோது மதலேனம்மாளுக்கு ஒரு வார்த்தை கன்னடம் தெரியாது. பிறந்து வளர்ந்ததெல்லாம் கம்பைநல்லூர்ப் பக்கம். இந்த ஊரிலோ பாதி வீடுகளில் கன்னடம்தான் பேச்சு. பிள்ளைகள் வந்து உட்காரும், சத்துமாவு உருண்டையை வாங்கிக்கொள்ளும், அவள் வாயையே பார்க்கும். பலகையில் எழுத்தை எழுதினாலோ மிரண்டு போகும்.

அவளுக்குப் படம் வரைய வரும். பழைய காலண்டர் தாள்களைத் திருப்பிப் போட்டு விலங்குகளாக வரைந்து சுவர் முழுக்க ஒட்டினாள். அ-வுக்கு அணில், ஆ-வுக்கு ஆடு, எ-வுக்கு எலி. பிள்ளைகளுக்குப் பயம் விட்டுப்போனது. அணிலைப் பார்க்கப் போய் அ-வையும் சேர்த்துப் பார்த்தன.

ஆடு மேய்க்கும் மாது என்பவரின் மகள் நஞ்சிக்கு மட்டும் ஏறவில்லை. எலிப் படத்தைக் காட்டி, எந்த எழுத்து என்று கேட்டால் நேரே போய் இ-யைத் தொடுவாள். கையைப் பிடித்து எ-வில் வைத்தாலும் மறுநாள் விரல் பழையபடி இ-க்கே போகும். மந்தமான பிள்ளை என்று மதலேனம்மாள் முடிவே கட்டிவிட்டாள்.

சமையல் வேலை பார்த்த காசியம்மாள்தான் பருப்பைக் கிளறிக்கொண்டே ஒருநாள் சொன்னாள்.

"அது தப்பாச் சொல்லலீங்க டீச்சர். எலிய அவுங்க வூட்ல இலின்னுதான் சொல்லுவாங்க. அதுக்கு இனாதானுங்களே?"

மதலேனம்மாளுக்குச் சுருக்கென்றது. அன்றைக்கே காசியம்மாளைக் கேட்டுக் கேட்டுப் புதுப் படங்கள் வரைந்தாள். மே, மேகெ, அது ஆடு. கு, குரி, அது செம்மறி. பெ, பெக்கு, அது பூனை. எழுத்து தமிழ், வார்த்தை நஞ்சி வீட்டுது.

அதற்குப் பிறகு அந்தப் பிள்ளையைப் பிடிக்க முடியவில்லை. சிவப்பு முக்கோணம் வரைந்த குடும்பக் கட்டுப்பாட்டு விளம்பரச் சுவருக்கு முன்னால் நின்று, முதல் எழுத்தைக் காட்டி, "கு, குரி" என்று கத்தினாள். ரோட்டில் போனவர்கள் சிரித்தார்கள். மதலேனம்மாளுக்கு அன்று முழுக்கக் கால் தரையில் பாவவில்லை.

ஜூனில் நஞ்சி ஒன்றாம் வகுப்புக்குப் போனாள். மூன்றாவது வாரம் போவதை நிறுத்திவிட்டாள்.

விஷயம் தெரிந்து மதலேனம்மாள் பள்ளிக்கூடத்துக்கு ஓடினாள். சவுரியப்பன் வாத்தியார் கெட்டவர் இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

"பூனைப் படத்தக் காட்டி வாசின்னேன். பெக்குன்னுச்சு. மத்ததுங்க சிரிச்சிடுச்சுங்க. இப்ப அது பேரே பெக்குன்னு ஆயிப்போச்சு. தெருவுல பாத்தாக்கூட மியாவ்ங்குதுங்க. நானும் மிரட்டிப் பாத்தேன், கேக்கல."

"அதுக்கு எழுத்து தெரியுங்க. பூனைக்கு அவுங்க வீட்டுல பெக்குன்னுதாங்க பேரு."

"இருக்கலாம்மா. புஸ்தகத்துல பூனைன்னு போட்டிருக்கு. மூணு கிளாஸுக்கு நான் ஒருத்தன். எனக்குக் கன்னடமும் வராது. நீங்களே மொதல்ல பூனைன்னு சொல்லிக் குடுத்திருந்தா..."

அவர் அதோடு நிறுத்திக்கொண்டார். அவள் எழுந்து வந்துவிட்டாள்.

சாயங்காலம் மாது வீட்டுக்குப் போனாள். பட்டியில் ஆடுகளை அடைத்துக்கொண்டிருந்த மாது, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தார்.

"போ போன்னு சொல்லிப் பாத்தனுங்க. ரெண்டு அடியும் வச்சன். பள்ளிக்கூடம்னாலே வவுத்து வலிங்குது. நான் என்னங்க பண்றது?"

பட்டிப் படலுக்குப் பின்னால் நஞ்சி நின்றிருந்தாள். கற்றுக்கொண்ட அரைகுறைக் கன்னடத்தில், "பா, நஞ்சி" என்று மதலேனம்மாள் கூப்பிட்டாள். நஞ்சி வந்தாள். ஆனால் முகத்தைப் பார்க்கவில்லை. அப்பாவிடம் கன்னடத்தில் ஏதோ கேட்டாள்.

"என்னங்க கேக்குது?"

மாது தயங்கினார். "எது சரின்னு கேக்குதுங்க. நீங்க சொன்னதா, அந்த வாத்தியாரு சொன்னதான்னு."

"ரெண்டும் சரின்னு சொல்லுங்க."

மாது சொன்னார்.  நஞ்சி மறுபடியும் ஏதோ கேட்டாள்.

"அப்ப எதுக்குச் சிரிச்சாங்கன்னு கேக்குதுங்க."

   மதலேனம்மாள் நஞ்சியின் தலையைத் தடவக் கையை நீட்டினாள். பிள்ளை நகர்ந்து ஆடுகளுக்குள் போய்விட்டாள். மாதுவின் பெண்சாதி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அதைக் குடித்துவிட்டு மதலேனம்மாள் திரும்பினாள்.

அடுத்த ஜூனிலும் போய்க் கேட்டாள், அதற்கடுத்த ஜூனிலும். அதற்குள் மழை பொய்த்து, மேய்ச்சல் தூரமாகி, கூடமாட ஓர் ஆள் இல்லாமல் மாதுவுக்கு முடியாது என்றாகிவிட்டது. அவர் கையெடுத்துக் கும்பிட்டார். அதற்குமேல் போவதை அவள் விட்டுவிட்டாள்.

பால்வாடிக்குக் கன்னட வீட்டுப் பிள்ளைகள் வந்துகொண்டுதான் இருந்தன. படத்தைக் கையில் எடுத்தால் எந்த வார்த்தையை முதலில் சொல்வது என்று அவளுக்கு நாக்கு எழாது. சில வருஷம் இரண்டையும் சேர்த்துச் சொன்னாள். சில வருஷம் தமிழை மட்டும் சொன்னாள். தேறிய பிள்ளைகளும் உண்டு, பாதியில் நின்ற பிள்ளைகளும் உண்டு. எதனால் எது என்று அவளுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

எண்பத்தெட்டில் அரூர்ப் பக்கம் மாற்றல் வந்தது. பெட்டியோடு அவள் ஏறிய பஸ், ஊர் எல்லையில் ஆட்டுமந்தைக்காக நின்றது. டிரைவர் விடாமல் ஹாரன் அடித்தார். மந்தைக்குப் பின்னால் வந்த நஞ்சி வளர்ந்திருந்தாள். தொரட்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டு, பதறாமல், ஒவ்வோர் ஆடாக ஓரம் கட்டினாள். மதலேனம்மாள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூப்பிடலாமா என்று நினைத்தாள். வழி கிடைத்ததும் பஸ் கிளம்பிவிட்டது.