குறைத்துக் கொடுத்த கரண்ட்

என் மகளின் லெப்டொப் பகல் பதினொரு மணிக்குப் பிறகு இரையத் தொடங்கும். அவளுக்கு வகுப்பு நடப்பதும் அந்த நேரத்தில்தான். அவுஸ்திரேலியாவில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து, கை கால் கழுவி ஓத உட்காரும் நேரம் எங்களுக்கு உச்சி வெயில் ஏறுகிற நேரம். ஆறு பிள்ளைகள். எல்லாரும் இங்கிருந்து போய்க் குடியேறிய குடும்பத்துப் பிள்ளைகள்தான். மகள் பெண்கள் அரபுக் கல்லூரியில் ஓதி மௌலவியா ஆனவள். குர்ஆன் எழுத்துகளை அதனதன் இடத்திலிருந்து, தொண்டையென்றால் தொண்டை, நாக்கு நுனியென்றால் நாக்கு நுனி, பிசகாமல் எடுக்கப் பழக்குவது அவளுடைய வேலை. வீட்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும்.

வகுப்பு நேரத்தில் நான் அந்த அறைக்குள் போவதில்லை. திரையில் என் முகம் தெரிந்துவிடுமோ என்று கூச்சம். கதவுக்கு வெளியே சுவரோடு ஒரு கதிரையைப் போட்டு இருந்துகொள்வேன். தேங்காய் திருவ மாட்டேன், செருப்புப் போட்டு நடக்க மாட்டேன். ஓதும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தாலே எனக்குப் போதும். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. ஓதத் தெரியும், ஆனால் மகள் சொல்லிக் கொடுக்கும் நுணுக்கம் எங்கள் காலத்தில் யாரும் சொல்லித் தரவில்லை.

எங்கள் வீடு எத்தாளைப் பக்கம், மணல் காணியில். மன்னாரிலிருந்து வந்து இரண்டு இடம் மாறி, மூன்றாவதாகக் கட்டியது. மேலே அஸ்பெஸ்டஸ் சீட். பக்கத்துக் காணி வெங்காயத் தோட்டம். அங்கே தண்ணீர் இறைக்கும் மோட்டர் காலையில் தொடங்கினால் லுஹர் தொழுகை நேரம் வரைக்கும் ஓடும். அந்தச் சத்தம் பிள்ளைகளுக்குக் கேட்கக்கூடாது என்று மகள் வகுப்புக்கு முன்னால் யன்னலைச் சாத்தி, அதற்குமேல் ஒரு காட்போட் மட்டையையும் செருகி வைப்பாள். மேலே சுற்றும் விசிறி கடகடக்கும் என்று அதையும் நிறுத்திவிடுவாள். கதவின் அடியில் பழைய துவாய். பிறகு வியர்க்க வியர்க்க இருந்து ஓதிக் கொடுப்பாள்.

இவ்வளவு செய்தும் பிள்ளைகளுக்கு ஒரு சத்தம் போய்க்கொண்டுதான் இருந்தது. லெப்டொப்புக்குள்ளே ஒரு சின்ன விசிறி இருக்கிறது. சூடு ஏற ஏற அது வேகமாகச் சுற்றும். முதலில் மழை தூறுவதுபோல இருக்கும். கொஞ்ச நேரத்தில் மாவு மில்லுக்குப் பக்கத்தில் இருப்பதுபோல ஆகிவிடும்.

பிள்ளைகளில் ஆகச் சின்னவளுக்கு ஏழு வயது. குரல் மிகவும் சிறியது. தொண்டையின் நடுவிலிருந்து மூச்சோடு வருகிற ‘ஹா’ எழுத்து அவளுக்குப் பிடிபடவில்லை. அவள் சரியாகச் சொன்னாளா, பிழையாகச் சொன்னாளா என்று இந்த இரைச்சலுக்குள் மகளுக்கு விளங்காது. திரும்பச் சொல்லச் சொல்வாள். திரும்பவும் விளங்காது. சரியாகச் சொல்லியும் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னால் பிள்ளை என்ன நினைக்கும்? ஒருநாள் அது வாயை மூடிக்கொண்டது. கெமராவை முகட்டுப் பக்கம் திருப்பிவிட்டு, கேட்டதற்கெல்லாம் பேசாமல் இருந்ததாம். அடுத்த வகுப்பிலும் அப்படித்தான்.

அதற்குப் பிறகு, பிள்ளைகளைச் சேர்த்து இந்த வகுப்புகளை ஒழுங்கு செய்யும் பெண்மணி அவுஸ்திரேலியாவிலிருந்து போனில் பேசினார். நல்ல மனிசி. கோபிக்கவில்லை. தாய்மார் சத்தத்தைப் பற்றிச் சொல்கிறார்கள், வருகிற வியாழக்கிழமை தானும் வகுப்பில் இருந்து கேட்கப் போவதாகச் சொன்னார். அப்போதும் இப்படியே இருந்தால் சின்னவளை வேறு ஊரில் ஓதிக்கொடுக்கும் இன்னொரு மௌலவியாவிடம் மாற்ற வேண்டிவரும், மற்றப் பிள்ளைகளையும் பிறகு யோசிக்க வேண்டும் என்றார். மகள் “ஓம்” என்று மட்டும் சொன்னாள். போனை வைத்த பிறகு அன்றைக்குச் சாப்பிடவில்லை.

அவள் செய்து பார்க்காதது இல்லை. காதில் மாட்டி வாய்க்கு நேரே பேசுகிற சாமான் ஒன்று வாங்கினாள். அதன் மைக்கில் முக்காட்டுத் துணி உரசி, எலி சுரண்டுவதுபோல அந்தப் பக்கம் கேட்டதாம். சத்தத்தைத் தானாகவே அடக்குகிற ஏற்பாடு ஒன்று லெப்டொப்பிலேயே இருக்கிறது. அதைப் போட்டால் விசிறிச் சத்தத்தோடு சேர்த்து மூச்சு எழுத்துகளையும் விழுங்கிவிடுகிறது. ‘ஹா’ அதற்கு வெறும் காற்றுத்தான். புது லெப்டொப் எடுக்கும் வசதி அப்போது இல்லை.

புத்தளம் டவுனில் போன், லெப்டொப் திருத்துகிற கடை வைத்திருப்பவர் என் தம்பியின் மகன். முன்னமே ஒரு தடவை இந்த லெப்டொப்பைக் கழற்றித் தூசி எடுத்து, உள்ளே சூட்டைக் கடத்தப் பூசுகிற பசையையும் மாற்றிக் கொடுத்திருந்தார். கொஞ்ச நாள் நன்றாக இருந்து பிறகு பழையபடி ஆகிவிட்டது. அவரிடம் கேட்க வேண்டும். ஆனால் மகள் அவரோடு நேரே கதைப்பதில்லை. மச்சான் முறை. ஒரு காலத்தில் இரண்டு பேருக்கும் கலியாணக் கதை வந்து, அது ஏதோ காரணத்தால் நின்றுபோய், அவர் வேறிடத்தில் கலியாணம் முடித்துவிட்டார். ஆகவே போனை ஸ்பீக்கரில் போட்டு நடுவில் வைத்து, நான் பக்கத்தில் இருக்க வேண்டும். மகள் என்னிடம் சொல்வாள், அவரும் என்னிடம் சொல்வார். இரண்டு பேருக்கும் இரண்டு பேர் சொல்வதும் கேட்கும்.

“மாமி, மச்சியிட்ட சொல்லுங்க, அந்த மெஷினுக்குப் போற வோல்டேஜக் கொஞ்சம் கொறைக்க ஏலும்” என்றார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வெளிக் கரண்டைச் சொல்கிறார் என்று நினைத்தேன். அதில்லையாம். லெப்டொப்புக்கு மூளை மாதிரி ஒரு சாமான், ப்ரொசெசர். அதற்கு எவ்வளவு வோல்டேஜ் கொடுப்பது என்று செய்கிற இடத்திலேயே வைத்து அனுப்புகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் தேவை வேறு வேறு. இது இவ்வளவில் ஓடும், அது இவ்வளவில் ஓடும் என்று ஒவ்வொன்றாகப் பார்க்க அவர்களுக்கு நேரமில்லை.

“அதனால எல்லாத்துக்கும் கொஞ்சம் கூட வச்சி அனுப்புறது மாமி. கலியாண வீட்டுச் சோறு மாதிரி. மிஞ்சினாலும் பரவாயில்ல, முடிஞ்சி போயிரக்கூடாது. அந்த மிஞ்சுற பங்குதான் உங்கட வீட்டுல சூடாப் போகுது.”

அந்த மிச்சத்தைக் குறைத்தால் வேலை குறையாது, சூடு மட்டும் குறையும், சூடு குறைந்தால் விசிறியும் அடங்கும் என்றார். அளவுக்கு மேல் குறைத்தால் மெஷின் அப்படியே நின்றுவிடும், ஆனால் கெட்டுப் போகாது, திரும்பப் போட்டால் வரும் என்றும் சொன்னார். புது லெப்டொப்புகளில் பலதில் இதைச் செய்ய விடாமல் பூட்டியே அனுப்புகிறார்களாம்.

“உங்கடது பழசு மாமி. அதுட நல்ல காலம்” என்றார்.

அவர் அனுப்பிய சின்னப் ப்ரோகிராம் ஒன்றை மகள் போட்டுக்கொண்டாள். அதில் ஒரு கோடு, கோட்டில் ஒரு பொத்தான். இடது பக்கம் தள்ளத் தள்ள வோல்டேஜ் குறையும். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தள்ளி, பிறகு லெப்டொப்புக்குக் கடினமான வேலை ஒன்றைக் கொடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நிற்காவிட்டால் இன்னும் கொஞ்சம் தள்ளலாம்.

அவளுக்கு ஓய்வு கிடைப்பது சுபஹுத் தொழுகைக்குப் பிறகுதான். யன்னல் திறந்திருக்கும், கடல் காற்று வரும், மோட்டர் இன்னும் தொடங்கியிராது. நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு பக்கத்தில் இருந்தேன். வகுப்பு இல்லாததால் கூச்சப்பட ஒன்றுமில்லை. அவள் கோட்டைத் தள்ளிவிட்டு, காதை வைத்துக் கேட்டுச் சொல்லச் சொன்னாள். நான் குனிந்து கேட்டேன். விசிறி சுற்றுவது கேட்டது, ஆனால் மூச்சு வாங்கவில்லை. அடியில் தொட்டுப் பார்த்தேன். முன்பு வேலை செய்யும்போது தொட்டால் கையை உடனே எடுக்க வேண்டும். இப்போது கையை வைத்துக்கொண்டே இருக்கலாம்.

அந்த அளவிலே புதன்கிழமை வகுப்பு நடந்தது. இரைச்சல் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. சின்னவள் கெமராவைக் கீழே இறக்கினாளாம், ஓதவில்லை. மற்றவர்கள் ஓதுவதைக் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தாளாம். மகளுக்குப் போதவில்லை. அடியோடு சத்தமே இருக்கக்கூடாது என்று நின்றாள்.

வியாழக்கிழமை விடியற்காலையில் இன்னும் இரண்டு தள்ளுத் தள்ளினாள். நேற்று வைத்த இடமே போதாதா என்று கேட்டேன்.

“அது தாங்குது உம்மா, பாருங்க” என்றாள்.

தாங்கத்தான் செய்தது. கடின வேலையெல்லாம் கொடுத்துப் பார்த்தாள், நிற்கவில்லை. விசிறி சுற்றுகிறதா என்று எனக்குச் சந்தேகமே வந்துவிட்டது. சத்தம் அப்படி அடங்கியிருந்தது.

பகல் வகுப்புக்கு வழக்கம்போல யன்னலைச் சாத்தினாள். மட்டையைச் செருகினாள். மேல் விசிறியை நிறுத்தினாள். நான் வெளியே கதிரையில். அந்தப் பெண்மணி ஸலாம் சொல்லிப் பிள்ளைகளோடு பேசுவது கேட்டது. முதலாவது பையன் ஓதினான். இரண்டாவது பிள்ளை ஓதத் தொடங்கி, ஒரு சொல்லின் நடுவில் சத்தம் அறுந்தது.

கரண்ட் போய்விட்டது என்று நினைத்தேன். குசினியில் பல்ப் எரிந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்தேன். திரையில் ஆறு பிள்ளைகளும் அந்தப் பெண்மணியும் அசையாமல் இருந்தார்கள். ஒரு பிள்ளையின் வாய் திறந்தபடியே இருந்தது. அறைக்குள் பாண் சுடுகிற போறணை மாதிரி வெக்கை. மகள் சுவிட்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அந்தப் பெண்மணிக்குப் போனில் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தாள், கொஞ்சம் பொறுக்கச் சொல்லி. பிறகு என்னைப் பார்த்தாள். நான் தம்பி மகனுக்குப் போன் எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன்.

எப்போது சோதித்துப் பார்த்தது என்று கேட்டார். சுபஹுக்குப் பிறகு என்றேன். யன்னல் திறந்திருந்ததா என்றார். ஓம். இப்போது? சாத்தியிருக்கிறது, மேல் விசிறியும் இல்லை.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “மாமி, விடியக் காத்துல நடந்தவன மத்தியான மணல்ல நடக்க விட்டிருக்கீங்க. அதுவும் அரை வயித்தோட. விழாம என்ன செய்வான்?”

சூடு கூடினால் அதே வோல்டேஜ் அதற்குப் போதாமல் போகும் என்றார். நேற்று வைத்த இடத்துக்கே போகவும் யன்னலைத் திறக்கவும் என்னிடம் சொன்னார். லெப்டொப் மறுபடி எழும்பி வந்தது. நின்று வந்தால் ப்ரோகிராம் தானாகவே பழைய அளவுக்குப் போய்விடுமாம். அதனால் எழும்பும்போதே மில்லுச் சத்தத்தோடு எழும்பியது.

மகள் கோட்டைத் தள்ளிக்கொண்டே, என்னைப் பாராமல், போனைப் பார்த்துச் சொன்னாள்: “யன்னலத் திறந்தா மோட்டர் சத்தம் புள்ளைகளுக்குப் போகும்.”

அவரும் என்னிடம் சொல்லாமல் அவளிடம் நேரேயே சொன்னார்: “போனாப் போகட்டும் மச்சி. மோட்டர் அங்க கிடந்து கத்தும். லெப்டொப் விசிறி உங்கட காதுக்குள்ள கத்துது. எது பெரிசு?”

நான் போனை வைத்தேன். மட்டையை உருவி யன்னலைத் திறந்தேன். காற்றோடு மணலும் மோட்டர் சத்தமும் வந்தன. மேல் விசிறியையும் போட்டேன். நேற்றைய இடத்தில் கோட்டை நிறுத்திவிட்டு, லெப்டொப் இரைச்சல் இறங்கும்வரை காத்திருந்து, மகள் வகுப்புக்குள் போனாள். நான் வெளியே வந்தேன். துவாயைத் திரும்பக் கதவடியில் வைக்கவில்லை.

நின்ற இடத்திலிருந்து இரண்டாவது பிள்ளை ஓதியது. மூன்றாவது ஓதி முடிய, ஒரு சின்னக் குரல் கேட்டது.

“டீச்சர், அங்க ட்ரெயின் போகுதா?”

சின்னவள்தான். மகள், இல்லை, வெங்காயத்துக்குத் தண்ணி இறைக்கிறார்கள் என்றாள்.

“எவ்வளவு வெங்காயம்?”

“கடற்கரை வரைக்கும் வெங்காயம்தான்.”

“ஏன் அவ்வளவு?”

அந்தப் பெண்மணி சிரிப்பது கேட்டது. மகள், அதை ஓதி முடித்துவிட்டுச் சொல்கிறேன் என்றாள். பிள்ளை கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும். பிறகு ஓதத் தொடங்கியது. ‘ஹா’ வந்த இடத்தில் மகள் நிறுத்தினாள். பிழை. எனக்கும் அது பிழை என்று கேட்டது. மூச்சு தொண்டையின் அடியில் கிடந்தது. இன்னும் கொஞ்சம் மேலே கொண்டு வரச் சொன்னாள். இரண்டாவது தடவையும் பிழை. எப்படிப் பிழை என்று மகள் தன் வாயால் செய்து காட்டினாள். அதற்குப் பிறகு ஒரு தடவை சரியாக வந்தது. “இது” என்றாள் மகள். பிள்ளை அதே சொல்லைத் தானாகவே மூன்று நான்கு முறை திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தது.

வகுப்பு முடிந்த பிறகு அந்தப் பெண்மணி மகளோடு தனியே பேசினார். மோட்டர் சத்தம் தூரத்தில் இருக்கிறது, அது எழுத்தை மறைக்கவில்லை என்றார். பிள்ளைகள் மகளிடமே ஓதட்டும் என்று முடிவாயிற்று. ஒரு பையனை மட்டும் அவனுடைய தாய் வேறிடம் மாற்றிவிட்டார். அவர் முன்னமே அப்படி முடிவு செய்திருந்தாராம்.

அதற்குப் பிறகு மகள் கோட்டைத் தொடவில்லை. விடியற்காலையில் எது ஓடினாலும் பகலில் ஓடினால்தான் கணக்கு என்றாள். அடுத்த வாரம் சின்னவளை ‘ஐன்’ எழுத்துக்கு மாற்றினாள். அதுவும் தொண்டையின் நடுவிலிருந்துதான் வரவேண்டும். ‘ஹா’வை விடக் கஷ்டம், நாள் எடுக்கும் என்று என்னிடம் சொன்னாள்.