வெள்ளையடித்தும் திரும்பி வந்த முகம்

நாடு கிரிக்கெட்டில் உலகக் கிண்ணத்தை வென்று காலி வீதி முழுக்கப் பட்டாசு வெடித்த வருஷம். அதே வருஷம் தெஹிவளையில் ரயிலுக்குள் குண்டு வெடித்தது. மழை பொய்த்துக் கரண்டை வெட்டியதும் அந்த வருஷந்தான். எனக்கு எழுத்துத் தெரியாது. வருஷங்களை இப்படித்தான் பிடித்து வைத்திருக்கிறேன். நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள்.

போன செவ்வாய்க்கிழமை காலையில் கொட்டாஞ்சேனையிலிருந்து சில்வெஸ்டரின் மகள் போன் எடுத்தாள். "அங்கிள், டாடி போயிட்டார்" என்றாள். அதைக் கேட்டவுடன் என் கண்ணுக்குள் வந்தது, அந்த வருஷம் வெள்ளவத்தைச் சுவரொன்றில் அவன் அடித்த இன்னொருவனின் முகம்.

அவனைத் தெரிந்த உங்களில் பலருக்குச் சில்வெஸ்டர் கராஜ் பெயின்டர். அதே கராஜில் நான் டிங்கர் வேலை. நசுங்கிய தகரத்தை நான் தட்டி நிமிர்த்துவேன், அவன் ஸ்ப்ரே அடிப்பான். ஒருநாள் விளையாட்டாக ஸ்ப்ரே டின்னை வாங்கி ஒரு கதவுக்கு அடித்தேன். பெயின்ட் கோடு கோடாக வழிந்தது.

"என்ன மச்சான், கார் அழுவுது?" என்று சிரித்தான். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்துக் காட்டினான். "கை முதல்ல ஓடணும், பிறகுதான் அமத்தணும். விரலை எடுத்த பிறகுதான் கை நிக்கணும். ஒரு சாண் தள்ளிப் பிடி. மெல்லிசா அடி, காயவிடு, திரும்ப அடி. ஒரே அடியில மூடப் பார்த்தா ஒழுகும்."

ரயில் குண்டுக்குப் பிறகு வெள்ளவத்தையில் தமிழரைத் தேடி ஆமியும் பொலிஸும் சுற்றிவளைப்புக்கு மேல் சுற்றிவளைப்பு. என் வீட்டுக்கு எதிர் லொட்ஜில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பரமேஸ்வரி அக்கா, வெளிநாடு போகக் காத்திருந்த மகன் ரவீந்திரனோடு தங்கியிருந்தார். விசாரித்துவிட்டு அனுப்புகிறோம் என்று அவனைக் கூட்டிப்போனார்கள். எந்தப் பொலிஸிலும் அப்படி ஒருவன் இல்லை என்றார்கள். அக்கா அவன் படத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு பம்பலப்பிட்டி, கிருலப்பனை என்று எல்லா வாசலிலும் நின்றார்.

என் வீட்டுக்கு வந்திருந்த சில்வெஸ்டர் அந்தப் படத்தைக் கேட்டு வாங்கினான். தன் நெஞ்சை எடுத்த பழைய எக்ஸ்ரே படத்தில் ரவீந்திரனின் முகத்தைப் பிளேடால் வெட்டினான்; அந்த ஓட்டைகளுக்குள்ளால் ஸ்ப்ரே அடித்தால் முகம் சுவரில் விழும். பெயரும் போடுவதுதானே என்று நான் கேட்டேன்.

"பேர் போட்டா உன்ன மாதிரி ஆளுக்கு விளங்காதே மச்சான். முகம் போட்டா ஊருக்கே விளங்கும்."

கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையில் பூட்டிக்கிடந்த வீட்டுச் சுவர். நல்ல வெயிலில், ஏணியோடும் வேலை உடுப்போடும் போனோம். கடை விளம்பரம் என்று நினைத்து ஒருவரும் கேட்கவில்லை. அவன் கொண்டுவந்தது வண்டியின் அடிப்பக்கத்துக்குத் துருப்பிடிக்காமல் அடிக்கும் தார்க் கறுப்பு. வெட்டிய எக்ஸ்ரே படத்தைச் சுவரோடு ஒட்ட நான் அழுத்திப் பிடித்தேன். விளிம்புக்குள் கசியாமல் மெல்ல மெல்ல அடித்தான். கண்களுக்கு மட்டும் திரும்பத் திரும்ப அடித்தான்.

"இதுக்கு மேல வெள்ளை அடிச்சா தார் ஊறி வெளிய வரும். அடிக்கட்டும் பார்ப்பம்" என்றான்.

அடித்தார்கள். பொலிஸ் பூசிய வெள்ளை காய்ந்ததும் முதலில் கண்கள் பழுப்பாக வந்தன, பிறகு மூக்கு, பிறகு வாய். மறுபடி அடித்தார்கள், மறுபடி வந்தான். அக்கா ஒவ்வொரு காலையும் போய்ப் பார்ப்பார். "இண்டைக்கு முழிச்சிட்டான்" என்று எங்கள் வாசலில் நின்று சொல்வார். அந்த நாட்களில்தான் அவர் ஒழுங்காகச் சாப்பிட்டார்.

பிறகு ஒரு பொலிஸ் சார்ஜன் அவரைக் கூப்பிட்டுச் சொன்னானாம், சுவரில் அந்த முகம் இருக்கும்வரை மகனைப் பற்றிக் கேட்டு வரவேண்டாம், அது போனால் தேடிப் பார்க்கலாம் என்று. அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு கராஜுக்கே வந்துவிட்டார்.

"தம்பி, அதை அழிச்சுவிடும்."

"அக்கா, அது அழியாத மாதிரி அடிச்சது. அவன் சும்மா சொல்லுறான், நம்பாதீங்க."

"சும்மா சொல்லுறானெண்டு எனக்கும் தெரியும். உண்மையாயிருந்தா? நான் அழிக்காததாலதான் பிள்ளை வரேல்லையெண்டு ஆகிப்போகாதோ?"

சில்வெஸ்டர் உளியையும் சுத்தியலையும் எடுத்துப் பையில் போட்டான். பூச்சோடு கொத்தி எடுத்தால்தான் தார் போகும். கொத்தப் போகிறவன்தான் அடித்தவன் என்று பிடித்துக்கொள்ளவும் கூடும். அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

நான் ஏணியைப் பிடித்தேன், அக்கா பக்கத்தில் நின்றார். சார்ஜன் வந்து நின்று, "மொகத கரன்னே பாஸ்?" என்றான், என்ன செய்கிறாய் என்று. "சுவரைத் திருத்துறன் சார்" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு, சில்வெஸ்டர் திரும்பிப் பாராமல் கொத்தினான். முகத்தின் அடியில், நாடியில் தொடங்கினான். வாய் விழுந்தது, மூக்கு விழுந்தது. கண்களுக்கு வந்தபோது, "பொறும் தம்பி" என்றார் அக்கா. அவன் இறங்க, ஏணியில் இரண்டு படி ஏறிச் சேலைத் தலைப்பால் அந்தக் கண்களில் படிந்திருந்த தூசியைத் துடைத்தார். பிறகு, "ஓம், இப்ப அடியும்" என்றார்.

ரவீந்திரன் வரவில்லை. சார்ஜன் மாற்றலாகிப் போய்விட்டான். அதற்குப் பிறகு சில்வெஸ்டர் காருக்கும் வேனுக்கும் அடித்தானே தவிர, முகம் ஒன்றும் அடிக்கவில்லை. கலியாண வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் சிரித்துக்கொண்டு நின்ற சில்வெஸ்டரைத்தான் உங்களுக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோது அவன் என்னிடம் கேட்டது இதுதான்: "அந்த முகம் சுவரில இருந்திருந்தா, அவனைக் கண்ட ஆள் ஆராவது வந்து ஏதாவது சொல்லியிருப்பாங்களா மச்சான்?" அவன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அடக்கம் முடிந்தபின் அவன் மகள் அந்த எக்ஸ்ரே படத்தை என்னிடம் தந்தாள். விளிம்பில் தார் இன்னும் ஒட்டியிருக்கிறது. யன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்தால் சில்வெஸ்டரின் விலா எலும்புகளுக்கு நடுவில் ரவீந்திரனின் முகம் தெரிகிறது. நான் வைத்திருப்பது அதுதான்.

பரமேஸ்வரி அக்கா போய்க் கனகாலம். "உயிரோட இருக்கிற பிள்ளைக்கு என்ன திவசம்?" என்று சாகும்வரை மகனுக்குத் திவசம் கொடுக்க அவர் சம்மதிக்கவில்லை. இப்போது சில்வெஸ்டரும் போய்விட்டான். எனக்கும் நாள் அதிகமில்லை. எங்களில் இன்னும் யார் உயிரோடிருக்கிறார் என்று நாளைக்கு யாராவது என் மகளிடம் கேட்டால், அக்கா சொல்லிவிட்டுப் போனபடியே சொல்லச் சொல்லியிருக்கிறேன்: ரவீந்திரன்.