நின்றுகொண்டு சாப்பிட்டது கணக்கில் வராது

எங்கள் அடுக்குமாடி புளோக்கில் லிஃப்ட் கதவு மூடுவதற்குள் என் எடையைப் பற்றி ஒரு அறிக்கை வந்துவிடும். ஆங் மோ கியோவில் பதினோரு வருடமாக எதிர்வீட்டில் இருக்கும் சீனப் பெண்மணி லிம் ஆன்ட்டி, சந்தைக்குப் போகும் தள்ளுவண்டியைப் பிடித்தபடி என்னை உச்சி முதல் பாதம் வரை பார்ப்பார். "ஸ்டெல்லா, யூ ஃபேட் அகெய்ன் லா" என்பார். குட் மார்னிங் எல்லாம் அதற்கப்புறம்தான். இந்த வீட்டுக்கு வந்த புதிதில் உள்ளே போய் அழுதிருக்கிறேன். அது அவருடைய அக்கறை என்று புரிய இரண்டு வருடமாயிற்று. நம் ஊரில் அக்கறை நேர் எதிராக வேலை செய்யும். பாளையங்கோட்டையில் இருக்கும் என் அக்கா பிலோமினா, வீடியோ காலில் என் முகம் திரையை முழுக்க அடைத்துக்கொண்டு நிற்கும்போதே, "ஏட்டி, என்ன இப்படி இளைச்சுப்போய்ட்ட? ஒழுங்கா சாப்பிடுதியா இல்லையா?" என்பாள். பத்தொன்பது வருடமாக இதையே சொல்கிறாள். அதற்குள் நான் முப்பத்தைந்து கிலோ ஏறியிருக்கிறேன். லிஃப்டில் ஒரு செய்தி, போனில் ஒரு செய்தி. எதை நம்புவேன்? போனைத்தான்.

சர்க்கரை மட்டும் இரண்டையும் நம்பவில்லை. அது பாட்டுக்கு ஏறிக்கொண்டே போனது. கூடவே நெஞ்செரிச்சல். துவாஸ் தொழிற்பேட்டையில் ஒரு சரக்குக் கிட்டங்கி அலுவலகத்தில், நாள் முழுக்க நாற்காலியை விட்டு எழாமல் லாரிகளை அனுப்பிக்கொண்டிருப்பவள் நான். மாத்திரையை மாற்றினார்கள், ஊசி போட்டார்கள், கடைசியில் ஆபரேஷன்தான் என்றார்கள். எங்கள் அப்பாவுக்குச் சர்க்கரையில் முதலில் கால்விரல் ஒன்று போனது, பிறகு பாதம், பிறகு அப்பா. விரல் போனபோது அவருக்கு நாற்பத்தாறு. எனக்கு இப்போது நாற்பத்தாறு. அதனால் டாக்டர் சொன்னதும் நான் மறுபேச்சுப் பேசவில்லை. எந்த ஆபரேஷன் என்பதில்தான் சிக்கல்.

டாக்டர் ஒரு வெள்ளைத்தாளில் இரண்டு வயிறு வரைந்தார். ஒன்று ஸ்லீவ். இரைப்பையில் முக்கால்வாசியை வெட்டி வெளியே எடுத்துவிட்டு, மிச்சத்தை வாழைக்காய் மாதிரி ஒடுக்கிவிடுவது. இன்னொன்று பைபாஸ். மேலே சின்னதாக ஒரு பையை மட்டும் பிரித்து, அதைக் கீழே குடலோடு நேராகச் சேர்த்துவிடுவது. நான் தேக்காவில் ஒரு சேலை எடுக்க மூன்று கடை ஏறி இறங்குகிறவள். எடுத்த பிறகும் மறுநாள் போய் நிறம் மாற்றுகிறவள். என்னிடம் போய் இரண்டு வயிற்றில் ஒன்றை எடுத்துக்கொள், மாற்றித் தரமாட்டோம் என்றால் எப்படி? அருகில் உட்கார்ந்திருந்த என் கணவர் ஜெபராஜ், ஏதோ கடையில் டைல்ஸ் பார்ப்பதுபோல் தலையைச் சாய்த்து இரண்டு படத்தையும் பார்த்தார். மனிதர் முருங்கைக்காய் மாதிரி இருப்பார். ஆறு பரோட்டா சாப்பிட்டாலும் எங்கே போகிறதென்று தெரியாது.

நான் எதை, எப்படிச் சாப்பிடுகிறேன் என்று பார்த்துவிட்டுத்தான் சொல்லமுடியும் என்று டாக்டர் எங்களை உணவு ஆலோசகரிடம் அனுப்பினார். அங்கே பவித்ரா இருந்தாள். இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண், மிஞ்சினால் இருபத்தாறு வயது. "ஆன்ட்டி, ஒரு நாளைக்கு எத்தனை மீல்ஸ் எடுப்பீங்க?" என்று கேட்டாள். மூன்று என்றேன். "எல்லா நாளும் அப்படித்தானா?" இது தவக்காலம், வெள்ளிதோறும் ஒருசந்தி, ஒரே ஒரு வேளைதான் என்றேன். பவித்ராவுக்கு அவ்வளவு சந்தோஷம். "வெரி குட் ஆன்ட்டி, நிறைய பேரால ஃபாஸ்டிங் முடியவே முடியாது" என்று சொல்லி, ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்தாள். இரண்டு வாரம் சாப்பிடுவதை எல்லாம் அதில் எழுத வேண்டும்.

எழுதினேன். மாதா மேல் ஆணையாக ஒரு பொய்கூட எழுதவில்லை. காலை இட்லி இரண்டு. மதியம் சோறு ஒரு கிண்ணம், சாம்பார், கீரை. இரவு சப்பாத்தி இரண்டு. எழுதிவிட்டுப் படித்துப் பார்க்கும்போது எனக்கே என்மேல் இரக்கமாக இருந்தது. அக்கா சொல்வது சரிதான் போலிருக்கிறது, பாவம், இந்த ஸ்டெல்லா ஒழுங்காகச் சாப்பிடுவதேயில்லை.

இரண்டு வாரம் கழித்து பவித்ரா அந்த நோட்டை இரண்டு தரம் புரட்டினாள். "ஆன்ட்டி, கோவிச்சுக்காதீங்க. இவ்ளோதான் சாப்பிட்டா நீங்க என் சைஸ்ல இருக்கணும் லா."

"அதான் எனக்கும் புரியலம்மா."

அப்போதுதான் என் கணவர், எனக்கு ஆதரவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு வாயைத் திறந்தார். "உண்மைதாம்மா. அவ உக்காந்து சாப்பிட்டு நான் பாத்ததே இல்ல. எப்பவும் அடுப்புக்கிட்ட நின்னுக்கிட்டுத்தான் இருப்பா."

"நின்னுக்கிட்டு என்ன செய்வாங்க, அங்கிள்?"

அவ்வளவுதான், குட்டு உடைந்தது. நின்றுகொண்டு நான் உப்புப் பார்ப்பேன். குழம்பில் ஒரு கரண்டி, கூட்டில் ஒரு கரண்டி, கோழி வெந்துவிட்டதா என்று ஒரு துண்டு, முதல் துண்டு சின்னதாக இருந்ததால் இன்னொரு துண்டு. மகள் தட்டில் மிச்சம் வைத்த தோசையை எறிந்தால் பாவம், அதனால் வாயில் எறிந்துகொள்வேன். மத்தியானம் அலுவலகத்தில் யாராவது கேக் வெட்டினால் அது மரியாதைக்கு. சாயங்காலம் டீயும் அதோடு நாலு முறுக்கும். டீயை யார் சாப்பாடு என்பார்கள்? சனிக்கிழமை தேக்காவில் காய்கறி வாங்கிவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இரண்டு வடை. அதுவும் நின்றுகொண்டுதான். உட்கார்ந்து, தட்டு போட்டு, சோறு பிசைந்தால்தானே சாப்பிட்டதாக ஆகும்? வாசிக்கும் நீங்கள் நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்.

பவித்ரா கடைசி நம்பிக்கையாக, "ஃப்ரைடே ஃபாஸ்டிங்?" என்று கேட்டாள். ஒருசந்தி என்றால் சோறு ஒரு வேளைதான் என்று உறுதியாகச் சொன்னேன். மற்ற இரண்டு வேளையும்? டிபன். "டிபன்னா?" இடியாப்பம், எட்டு. தேங்காய்ப்பாலோடு. விரதமாயிற்றே, கறியா தொட்டுக்கொள்ள முடியும்? அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு புதிதாக ஒரு நோட்டைக் கொடுத்து, அட்டையில் "நின்றது" என்று தமிழிலேயே எழுதினாள். பள்ளியில் கற்ற, ஒற்றுப்பிழை இல்லாத தமிழ். அந்த நோட்டு ஐந்தே நாளில் பாதி நிரம்பிவிட்டது.

இரண்டு நோட்டையும் வைத்துக்கொண்டு டாக்டர் சொன்னார்: இப்படிக் கொறித்துக்கொண்டே இருப்பவளுக்கு, அதோடு நெஞ்செரிச்சலும் சர்க்கரையும் இருப்பவளுக்கு, பைபாஸ்தான் நல்லது. ஆனால் வாழ்நாள் முழுக்கச் சத்து மாத்திரை சாப்பிட வேண்டும், தவறாமல் ரத்தம் பரிசோதிக்க வேண்டும், விட்டுவிட்டால் ஆபத்து. ஸ்லீவிலும் இதெல்லாம் உண்டு, கெடுபிடி கொஞ்சம் குறைவு, ஆனால் என் நெஞ்செரிச்சல் கூடலாம். பிறகு பேனாவைப் பிடித்தபடி சாதாரணமாகக் கேட்டார், "டென் இயர்ஸ் லேட்டர், யூ ஸ்டே வேர்?"

"இண்டியா" என்றார் என் கணவர். "ஹியர்" என்றேன் நான். இரண்டும் ஒரே நேரத்தில் விழுந்தன.

டாக்டர் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பேனாவை மூடினார். வீட்டில் பேசிவிட்டு வியாழக்கிழமை சொல்லுங்கள் என்றார். பத்தொன்பது வருடமாக ஒரே படுக்கையில் படுத்து எழுந்தும் இந்தக் கேள்வியை நாங்கள் ஒருவரையொருவர் கேட்டதில்லை.

வீட்டுக்குப் போகாமல் சிராங்கூன் சாலையில் ஒரு சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்தோம். அவர் தோசையும் வடையும் சொன்னார். எனக்கு ஒன்றும் வேண்டாம் என்றேன்.

"ஊர்ல மாடி கட்டி முடிச்சு டைல்ஸ் ஒட்டியாச்சு. யாருக்குன்னு நினைச்ச?" என்றார்.

"அடுப்படி எந்தப் பக்கம் வரணும்னு கேட்டீங்க. நான் அங்க வருவேனான்னு கேட்டீங்களா?"

"நீ சொல்லவேயில்லையே."

"நீங்க கேக்கவேயில்லையே."

பாளையங்கோட்டையில் ஆஸ்பத்திரிக்கா பஞ்சம்? தெருவுக்கு இரண்டு இருக்கிறது. ஆனால் அங்கே நான் மூத்த மருமகள். கல்யாணமான புதிதில் மாமியார் வீட்டில் பதினோரு பேர். எல்லோருக்கும் பரிமாறி முடிக்கும்வரை பசி தாங்காமல், நின்றபடியே வாயில் போட்டுக்கொள்ளப் பழகியது அந்த அடுப்படியில்தான். இங்கே மூன்றே பேர், என்னை யாரும் நிற்கச் சொல்லவில்லை. ஆனாலும் கால் தானாகப் போய் நிற்கிறது. அங்கே போனால் ஒரு சடங்கு, ஒரு சாவு, யாராவது ஒருவருக்குக் காய்ச்சல் என்று என் ரத்தப் பரிசோதனை எப்போதும் கடைசியாகத்தான் வரும். அதைத் தள்ளிப்போடுவதும் நானாகத்தான் இருப்பேன். "எனக்குப் பயமா இருக்குங்க. எங்கப்பா மாதிரி துண்டு துண்டாப் போக எனக்கு இஷ்டமில்ல" என்றேன். குரல் உடைந்துவிட்டது.

அவர் என் கைப்பையிலிருந்து அந்த "நின்றது" நோட்டை எடுத்தார். ஏதோ எழுதி என் பக்கம் திருப்பினார். "வடை, முக்கால். என் தட்டிலிருந்து" என்று எழுதியிருந்தது. குனிந்து பார்த்தால் அவர் தட்டில் கால் வடைதான் கிடந்தது. அழுதுகொண்டே தின்றிருக்கிறேன், எனக்கே தெரியவில்லை. அழுகையோடு சிரிப்பும் வந்து புரையேறியது. தண்ணீரை நீட்டிவிட்டு, "ரத்தம் எடுக்குற தேதியையும் நானே எழுதி வைக்கேன்" என்றார். தோசையைப் பிய்த்தபடி, "அங்க இருந்துக்கிட்டு வருஷா வருஷம் இங்க வரணுமா, இங்க இருந்துக்கிட்டு அங்க போய்ட்டு வரணுமா?" என்று கேட்டார். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றேன். இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

வியாழக்கிழமை டாக்டரிடம் ஒரே ஒரு சந்தேகம் கேட்டேன். ஸ்லீவில் வெட்டி எடுத்ததை என்ன செய்வீர்கள்? சோதனைக்கு அனுப்பிவிட்டுக் கழித்துவிடுவோம் என்றார். பைபாஸில்? எதையும் எடுக்கமாட்டோம், பழைய வயிறு உள்ளேயே இருக்கும், சாப்பாடு மட்டும் அந்தப் பக்கம் போகாது. ஆனால் அது பாட்டுக்குச் சுரந்துகொண்டிருக்கும், அந்தச் சுரப்பு கீழே போய்ச் சாப்பாட்டோடு சேர்ந்துகொள்ளும். வெளியே வந்து பவித்ராவிடம், "அதுக்குப் பசிக்காதாம்மா?" என்று கேட்டேன். "ஆன்ட்டி, ப்ளீஸ் லா" என்றாள். பைபாஸுக்குக் கையெழுத்துப் போட்டேன்.

ஆபரேஷன் முடிந்து எட்டு மாதமாயிற்று. சர்க்கரை இறங்கியிருக்கிறது. மூன்று நேரமும் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறேன். நான் நின்றால் ஜெபராஜ் நாற்காலியை இழுத்துக்கொண்டு அடுப்படிக்கே வந்துவிடுகிறார். லிம் ஆன்ட்டி லிஃப்டில், "வாஹ், ஸோ தின். யூ சிக் ஆ?" என்றார். அன்று சாயங்காலம் அக்கா கூப்பிட்டாள். கன்னம் ஒட்டி, கழுத்தெலும்பு தெரிய, இவ்வளவு வருடத்தில் முதல்முறையாக நான் நிஜமாகவே இளைத்து அவள் முன்னால் உட்கார்ந்திருந்தேன். அவள் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். "இப்பதாம்ட்டி கொஞ்சம் பூசினாப்ல இருக்க" என்றாள்.

பிறகு, "எப்ப வாரே?" என்று கேட்டாள். எப்போதும் கேட்பதுதான். எப்போதும்போல, வரேன்க்கா என்றேன். சொல்லும்போது உள்ளே எங்கோ ஆழத்தில் ஏதோ ஒன்று கடமுடவென்று புரண்டது. பவித்ராவிடம் சொன்னால் அது வெறும் காற்று என்கிறாள். எனக்கென்னவோ அந்தப் பழைய வயிறுதான் என்று படுகிறது.