லைஃப் ஜாக்கெட்டுக்குப் போட்ட ஆயுத பூஜை

என் கணவர் முரளிக்கு நீச்சல் தெரியாது. என் அனுபவத்தை இந்த வரியில்தான் தொடங்க வேண்டும். இந்த ஒரு வரியை அவர் காதில் ஏற்ற நான் பட்ட பாடு அந்த ஆஞ்சநேயருக்குத்தான் தெரியும்.

நடந்தது 2005-இல். பெங்களூர் தொம்மலூரில் வாடகை வீடு. அவருக்கு எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை. அதற்கு முந்தைய வருடம் கம்பெனி அவரை ஆறு மாதம் ஆஸ்திரேலியாவுக்கு, பெர்த் நகரத்துக்கு அனுப்பியது. போனவர் வேலையை மட்டும் பார்த்துவிட்டு வந்திருக்கலாம். கடற்கரைக்குப் போய் கைட் சர்ஃபிங் பார்த்திருக்கிறார். பெரிய பட்டத்தை இடுப்பில் கொக்கி போட்டு மாட்டிக்கொண்டு, காலடியில் ஒரு பலகை, காற்று இழுக்க இழுக்க அலை மேல் சறுக்கிப் போகிற விளையாட்டு. இடுப்பளவு தண்ணீரில் நின்று இரண்டு பாடம் கற்றுக்கொண்டாராம். யாரோ பழசாக விற்ற பட்டம், பலகை, இடுப்புப் பட்டை, ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட் எல்லாவற்றையும் வாங்கி மூட்டை கட்டிக்கொண்டு வந்து இறங்கினார். எனக்கு ஒரு கைப்பை கூட வாங்கி வரவில்லை. அதை விடுங்கள்.

அவர் கிருஷ்ணகிரிக்காரர். தண்ணீர் லாரி வந்தால் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடித்தான் பழக்கம், நீந்தி அல்ல. அப்படிப்பட்டவர் ஆபீஸ் நண்பர்கள் மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு, டிசம்பரில் பெர்த்தில் ஒரு வேனை வாடகைக்கு எடுத்து, கடற்கரை ஓரமாகவே வடக்கே இரண்டு மாதம் போவது, காற்று அடிக்கும் இடத்திலெல்லாம் இறங்கிப் பட்டம் விடுவது என்று திட்டம் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் எங்கள் ஹாலில் வரைபடம் விரித்துவிடுவார்கள். லான்சலின், ஜெரால்டன் என்று ஊர்ப் பெயர்களாக ஓடும். நான் காபி போட்டுக் கொடுத்துக்கொண்டே கேட்பேன். வேனில் குக்கர் வைக்க பிளக் இருக்குமா, புளிக்காய்ச்சல் எத்தனை நாள் தாங்கும், சாம்பார்ப் பொடியை ஏர்போர்ட்டில் பிடுங்கிவிடுவார்களா, யார் எந்தக் கிழமை பாத்திரம் தேய்ப்பது, கிளம்பும் நாள் அஷ்டமியா நவமியா, பெர்த் இருக்கும் திசையில் அன்றைக்குச் சூலமா. இத்தனையும் பேசினார்கள். ஒருத்தன்கூட அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. கடைசியில் நானே கேட்டேன்.

"நாலு பேர்ல யாருக்கு நீச்சல் தெரியும்?"

நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிரகாஷ் என்று ஒரு பையன், எங்களோடு குடும்பமாகப் பழகுகிறவன், அவன்தான் வாயைத் திறந்தான்.

"அண்ணி, இது நீச்சல் இல்ல. காத்து இழுத்துட்டுப் போயிடும். தண்ணிக்குள்ள எறங்கற வேலையே இல்ல."

"காத்து நின்னு போச்சுன்னா?"

"அங்க நிக்காது அண்ணி. அதுக்குத்தானே அந்த ஊரு!"

சிரித்தார்கள். என் கணவரும் சிரித்தார். படித்த முட்டாள்கள் என்று கத்திவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். கோபம் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். பயம். அந்த மனிதர் இல்லாத வீட்டை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அதைச் சொல்லத் தெரியாமல் கத்தினேன்.

சனிக்கிழமை தோறும் நான் போகும் ஆஞ்சநேயர் கோயிலில் முறையிட்டேன். "இந்தப் பயணத்தை நிறுத்து. வடைமாலை சாத்துகிறேன்" என்று வேண்டிக்கொண்டேன். மறுவாரம் விசா வந்தது. சரி, லீவு கிடைக்காமல் செய் என்று கேட்டேன். அவருடைய மேனேஜர் சொந்தத் தங்கை கல்யாணத்துக்குக்கூட லீவு கேட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும் ஆள். அவர் "போய் நல்லா என்ஜாய் பண்ணுங்க" என்று கையெழுத்துப் போட்டாராம். டிக்கெட்டும் மலிவாகக் கிடைத்தது.

அன்றைக்குக் கோயிலில் நான் கைகூப்பவில்லை. நேரே நின்று சண்டை போட்டேன். "யார் பக்கம் நீ? நீ கடலைத் தாண்டினவன். இவர் அல்சூர் ஏரியைக்கூடத் தாண்ட மாட்டார். காற்று உன் அப்பாதானே, அவரிடம் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? வெற்றிலை மாலை வாங்கிக்கொள்ள மட்டும் தெரிகிறதா?" பக்கத்தில் நின்ற அம்மாள் என்னைவிட்டு இரண்டடி தள்ளிப் போய் நின்றுகொண்டாள். அதன் பிறகு சில வாரம் வீட்டில் விளக்கேற்றவில்லை. அவ்வளவு ஆத்திரம்.

இதற்கு நடுவில் ஆயுத பூஜை வந்தது. பெங்களூரில் அன்றைக்கு எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். சைக்கிளிலிருந்து லாரி வரை கழுவி, பொட்டு வைத்து, வாழைக்கன்று கட்டி, தெரு முழுக்கப் பூசணிக்காய் உடைத்துக் கிடக்கும். இவர் பைக்கைத் துடைத்து வைத்துவிட்டு, பட்டத்தையும் பலகையையும் பையில் திணித்தார். கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூஜை போட வேண்டுமாம். அதுவும் ஆயுதம்தானாம். லைஃப் ஜாக்கெட்டை மட்டும் அலமாரியிலேயே விட்டுவிட்டார்.

"அது எதுக்கு இங்க கிடக்குது?"

"அது பயணத்துக்கு வரல. லக்கேஜ் எடை கூடுது. பெரிய ஆட்டக்காரங்க யாரும் அதைப் போடறதில்ல."

"குக்கரு?"

"குக்கர் வேணும்ல, கற்பகம்."

சோறு பொங்க குக்கருக்கு இடம் இருக்கிறது, உயிர் காக்கும் சட்டைக்கு இடம் இல்லை. எனக்கு வந்த கோபத்தை எழுத்தில் சொல்ல முடியாது. ஜாக்கெட்டை இழுத்து அவர் மேல் எறிந்தேன். "பூஜை போடறதுன்னா இதுக்குத்தான் மொதல்ல போடணும்! கையில எடுக்காதீங்க, மேல மாட்டிக்கோங்க. மாட்டிக்கிட்டுத்தான் பைக்ல ஏறணும். ஊரே பார்த்துச் சிரிக்கட்டும். இல்லன்னா நான் வரல, பூஜையும் கிடையாது." நல்ல நாளில் ரகளை வேண்டாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு மாட்டினார். எல்லா வாரையும் நானே இழுத்துப் பூட்டினேன், மூச்சு முட்டட்டும் என்றே இறுக்கினேன்.

கோயிலில் எல்லோரும் சிரிக்கத்தான் செய்தார்கள். அர்ச்சகர் பைக்குக்குப் பொட்டு வைத்தார், பட்டம் இருந்த மூட்டைக்கும் வைத்தார், பிறகு இவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு ஜாக்கெட்டின் மார்பிலும் சந்தனம் குங்குமம் வைத்து ஆரத்தி காட்டினார்.

திரும்பும்போது மழை பிடித்தது. கொஞ்ச நேரத்தில் சாலை தெரியவில்லை. பைக் நின்றுவிட்டது. இவர் தள்ளிக்கொண்டு முன்னால் போக, நான் பின்னால் நடந்தேன். முழங்கால் வரை தண்ணீர். அந்தச் சாலை ஓரமாக ராஜகாலுவே, பெரிய மழைநீர்க் கால்வாய் போகிறது. அதன் பக்கச் சுவர் இடிந்து மாதக்கணக்கில் அப்படியே கிடந்தது. ஒரு தடுப்பு இல்லை, ஒரு கம்பு நட்டு சிவப்புத் துணி கட்டக்கூட ஆள் இல்லை. கால்வாயும் சாலையும் ஒரே மட்டமாகத் தண்ணீர். ஒரு அடி எடுத்து வைத்தார். பைக்கோடு உள்ளே போய்விட்டார்.

என் கண் முன்னால் ஆள் இல்லை.

அந்த நேரத்தில் எனக்கு ஸ்லோகம் வரவில்லை. அனுமன் சாலிசா வரவில்லை. மழைக்குள் நின்று தொண்டை கிழியக் கத்தினேன். "டேய் ஆஞ்சநேயா! எங்கடா இருக்கே? பிடிடா அவரை!"

ஆரஞ்சு நிறம் மேலே வந்தது. பைக்கும் பட்டமும் அடியில் போய்விட்டன, இவர் மட்டும் மிதந்தார். தலை தண்ணீருக்கு மேலே இருந்தது. ஆனால் வெள்ளம் அவரை இழுத்துக்கொண்டு போனது. நான் கூடவே ஓடினேன். கொஞ்ச தூரத்தில் ஒரு சின்னப் பாலம். மழைக்கு அங்கே ஆட்டோவை நிறுத்தியிருந்த ஒருவர் என் சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"மேடம், அங்கியே நில்லுங்க! ஓடாதீங்க, காலுவே இருக்கு!" என்று என்னைப் பார்த்துக் கத்திவிட்டு, பாலத்தில் குப்புறப் படுத்துக் கையை விட்டார். ஜாக்கெட்டின் தோள் வார் கையில் மாட்டியது. "சிக்கிட்டான், சிக்கிட்டான்! ஏ பாய், என் காலைப் பிடிச்சுக்கோப்பா!" இன்னும் இரண்டு பேர் ஓடி வந்தார்கள். மூவரும் சேர்ந்து இழுத்துப் போட்டார்கள்.

அந்த ஆட்டோக்காரர் பெயர் சலீம் பாய். அவர் ஆட்டோவிலேயே ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியில் அவருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "பெங்களூர்ல சமுத்திரம் ஏது மேடம்? இவரு ஏன் லைஃப் ஜாக்கெட் போட்டிருக்காரு?" என்று கேட்டார். எனக்கு அழுகைதான் வந்தது.

தோள் மூட்டு விலகியிருந்தது. கால்வாய்த் தண்ணீர் நுரையீரலுக்குள் போய்க் காய்ச்சல் ஏறிவிட்டது. இப்போதைக்கு எதுவும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். ஜாக்கெட் இல்லாவிட்டால் இங்கே கொண்டுவந்திருக்கவே வேண்டியதில்லை என்றும் சொன்னார். அப்போது மாமியார் ஊரிலிருந்து போன் செய்தார்.

"நீ வேண்டிக்கிட்டது வீண் போகல, கற்பகம். பயணத்த சாமி நிறுத்திடுச்சு பாரு."

ஆறுதலாகத்தான் சொன்னார், பாவம். எனக்கோ அது பொறுக்கவில்லை. பயணத்தை நிறுத்த விசா கிடைக்காமல் செய்தால் போதாதா? ஆளைச் சாக்கடையில் தள்ளித்தான் நிறுத்துவாரா? என் சாமி அப்படிப்பட்டவர் இல்லை. சுவரை உடைந்தபடி விட்டது மனிதர்கள். அந்தப் பழியைச் சாமி தலையில் போட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்ள நான் தயாராக இல்லை. மாமியாரிடம் அப்படியே சொன்னேன். "சாமி தள்ளல அத்தே. சாமி பிடிச்சாரு." அதைச் சொன்ன பிறகுதான் எனக்கே அது புரிந்தது. அத்தனை வாரமாக என் பேச்சு சாமிக்குக் கேட்கவில்லை என்று நினைத்திருந்தேன். அன்று காலை அலமாரியிலிருந்து அந்த ஜாக்கெட்டை இழுத்த என் கை, அந்த வெறி, அது என்னுடையது மட்டும் இல்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று கடைசியாக ஒன்று கேட்டேன். பேரம் பேசவில்லை. "பயணம் போகட்டும், போகாமல் இருக்கட்டும். ஆளை எனக்குக் கொடு" என்று மட்டும் சொன்னேன்.

சில நாளில் காய்ச்சல் இறங்கியது. கண்ணைத் திறந்தவர் என்னைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை, "குக்கர் வேணாம், கற்பகம். ஜாக்கெட்டை வெச்சுக்கலாம்." செத்துப் பிழைத்தவருக்கு அப்போதும் பயணம்தான்! ஆஸ்பத்திரி என்றுகூடப் பார்க்காமல் வாய்க்கு வந்தபடி திட்டினேன். திட்டுவதற்கு ஆள் இருந்தார் என்ற சந்தோஷத்தில் திட்டினேன்.

தோள் ஆறியதும் நீச்சல் குளத்தில் சேர்ந்தார். ஐந்து வயதுக் குழந்தைகளோடு கம்பியைப் பிடித்துக்கொண்டு காலை அடித்தார். நானும் பெண்கள் நேரத்தில் சேர்ந்தேன். நீந்தத் தெரியாதவன் வேனில் ஏறக்கூடாது என்று பிரகாஷ் கூட்டத்துக்கும் உத்தரவு போட்டேன். பயணம் ஒரு வருடம் தள்ளிப் போனது, ஆனால் நடந்தது. ஜெரால்டனில் இவர் புதுப் பட்டத்தோடு அலை மேல் போனதை நானே கரையில் நின்று பார்த்தேன். ஜாக்கெட் போட்டிருந்தார்.

கிளம்புவதற்கு முன்னால் வடைமாலை சாத்தினேன். அர்ச்சகருக்கு என் வேண்டுதல் தெரியும். "பயணம்தான் நிக்கலையேம்மா, எதுக்கு மாலை?" என்றார். "ஆள் இருக்காரே சாமி" என்றேன்.

அந்தச் சுவருக்காக நான் ஏறி இறங்காத ஆபீஸ் இல்லை. தொம்மலூர்ப் பெண்களைக் கூட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தேன். பாதிச் சுவர் எழும்பியிருக்கிறது. மீதிப் பாதிக்கு இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். கோபத்தைக் கொடுத்த சாமி அதை வீணாக்கச் சொல்லிக் கொடுக்கவில்லை.

சனிக்கிழமை கோயிலுக்கு வரும் சகோதரிகளே, சகோதரர்களே, மனம் அடங்கிய பிறகு சாமியிடம் போகலாம் என்று காத்திருக்காதீர்கள். கோபத்தைச் செருப்போடு வாசலில் கழற்றி வைக்க வேண்டாம், அதையும் உள்ளே கொண்டுபோய் அவர் முன்னால் கொட்டுங்கள். நல்ல வார்த்தை வரவில்லை என்றால் வருகிற வார்த்தையில் கூப்பிடுங்கள். "டேய்" என்று கூப்பிட்டவளுக்கே ஓடி வந்தவர், உங்களுக்கு வரமாட்டாரா?