தலைவரின் பின்பக்கம்

அந்த நாளிதழின் ஆவண அறையில் அவள் எல்லோருக்கும் கத்தரி அக்கா. தினமும் பத்திரிகையை வெட்டி, அட்டையில் ஒட்டி, பெரிய மனிதர்களின் பெயரெழுதிய உறைகளில் போடுவது வேலை. யார் எப்போது கைதானார், யார் எத்தனை முறை கட்சி மாறினார் எல்லாம் அவள் அலமாரியில் உண்டு. ஒரு பக்கத்தை வெட்டினால் மறுபக்கம் போய்விடும் என்பதால் எப்போதும் இரண்டு பிரதி வாங்குவது அந்த அறையின் வழக்கம்.

பல வருஷங்களுக்கு முன்பு, கட்சித் தலைவர் இறந்த மறுநாள் மட்டும் அது தவறியது. ஊரே பத்திரிகைக்கு அடித்துக்கொண்டதில் அறைக்கு ஒரே பிரதிதான் வந்தது. அவளுக்கு முன்பு அங்கே இருந்தவர் தலைவர் படம் நிறைந்த முதல் பக்கத்தை முழுசாக ஒட்டிவிட்டார். இரண்டாம் பக்கம் பசைக்குள் போயிற்று. கட்டி வைத்திருந்த பழைய இதழ்களோ கூரை ஒழுகிக் கூழாகிவிட்டன.

அந்த இரண்டாம் பக்கத்தில் அவள் அப்பா இருந்தார். அப்படி அவர்தான் சொல்லிக்கொண்டிருந்தார். படகோட்டி. கவிழ்ந்த படகிலிருந்து ஏழு பேரைக் கரைசேர்த்தாராம், பத்திரிகையில் வந்ததாம். சொல்லிச் சொல்லியே 'ஏழு பேர்' என்ற பட்டப்பெயர் வாங்கியிருந்தார். போன வாரம் சலூன்காரர் எல்லோர் முன்னாலும், "அந்தப் பேப்பரைக் காட்டு பெருசு, ஆயுசுக்கும் உனக்கு ஓசியில முடிவெட்டறேன்" என்று சிரித்துவிட்டார். அன்றிலிருந்து அப்பா வாசல் தாண்டவில்லை. முடி காதை மூடியிருந்தது.

தலைவரின் உறை நாளை ஸ்கேன் ஆகிப் பெட்டகத்துக்குள் போகிறது. பிறகு யாரும் தொட முடியாது.

"இன்னைக்குப் பிரிச்சுப் பாத்துடறேன் சார்" என்றாள் மேலதிகாரியிடம்.

"தலைவர் மூஞ்சி கிழிஞ்சா என் மூஞ்சியை எங்கே கொண்டுபோய் வெச்சுக்கறதும்மா?"

"மைதாப் பசைதான் சார். ஆவி காட்டினா விட்டுடும். ஸ்கேன்ல பின்பக்கமும் கிடைக்கும்ல?"

அவர் எழுந்தார். "நான் டீ குடிக்கப் போறேன். எனக்கு ஒண்ணும் தெரியாது."

கெட்டிலின் ஆவியில் பசை மெல்ல இளகியது. தலைவரின் நெற்றியோரம் லேசாகப் பிய்ந்தபோது நிறுத்தி, இன்னும் கொஞ்சம் ஆவி காட்டினாள். பிறகு மொத்தமும் கழன்று வந்தது. பின்பக்கக் கீழ்மூலையில் நான்கே வரி: படகு கவிழ்ந்தது, படகோட்டி ஒருவர் மூவரைக் காப்பாற்றினார்.

போனில் படித்துக் காட்டினாள்.

"மூணா?" என்றார் அப்பா.

"மூணுதாம்ப்பா. உன் பேரும் இல்ல."

"நான் நிருபர்கிட்ட ஒவ்வொருத்தரா சொல்லிட்டிருந்தேன், மூணு பேர் ஆச்சு. அதுக்குள்ள தலைவர் போயிட்டார்னு யாரோ கத்தினாங்க. நிருபர் எழுதினதைப் பாதியில மடிச்சுட்டு ஓடிட்டான். பேரைக்கூடக் கேக்கல."

நகல் எடுத்தபின், தலைவரை மேல் ஓரத்தில் மட்டும் ஒட்டினாள், புரட்டிப் பார்க்க வசதியாக.

மாலையில் அப்பா நகலைச் சலூன் கண்ணாடியின் முன் வைத்தார். சலூன்காரர் இருமுறை படித்தார்.

"ஏழு மூணாயிடுச்சே பெருசு. இதுக்குப் பாதித் தலைதான் வெட்ட முடியும்."

அப்பா நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "வெட்டு. மீதி நாலு பேரை நீ வெட்டி முடிக்கறதுக்குள்ள சொல்றேன். ஓடிடாம கேளு."