பேர் கூப்பிட்டால் நிற்கிறவர்கள்

வாசிகசாலையில் அக்கா இருந்தாள். அக்காவின் மகள் இருந்தாள், பதினாறு வயது. முன்வீட்டுக்காரி தன் இரண்டு பெண்பிள்ளைகளோடு இருந்தாள். தேத்தண்ணிக்கடைக்காரர் கடையை அப்படியே விட்டுவிட்டு வந்திருந்தார். எங்களுக்குள் அந்த ஊரிலேயே பிறந்தவர் அவர் ஒருவர்தான். முள்ளிவாய்க்காலிலிருந்து கருவாடு கொண்டுவரும் அம்மா, விற்று முடித்த பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் இருந்தார். அவருக்குப் பின்னேர பஸ் வரவேண்டும். நான் இருந்தேன். பேப்பர் என் கையில்.

எண்பத்திரண்டாம் ஆண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை. வருகிற வெள்ளிக்கிழமை ஒரு வேன் வந்து அக்காவின் மகளோடு சேர்த்து ஐந்து பிள்ளைகளைக் கூட்டிப்போக இருந்தது. கடற்கரைப் பக்கம் விளக்குக்காரரின் வீட்டுக்கு. ஒரு வருசம் அவள் வீட்டுக்கு வரக்கூடாது, நாங்கள் போய்ப் பார்க்கவும் கூடாது என்று பேச்சு. அக்கா சம்மதித்துவிட்டாள். அவளுக்கு இருந்தது அந்தப் பிள்ளை மட்டும்தான்.

நாங்கள் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்து ஆட்கள். எழுபத்தேழுக் கலவரத்தில் அடி விழுந்தபோது லயத்து வீட்டை விட்டு வந்தோம். பூவரசங்குளத்துக்கு அங்கால் காட்டை வெட்டிக் குடிசை போட்டோம். கச்சான் கடலை போட்டோம், மிளகாய் போட்டோம். பன்றி தின்றது போக மிச்சம் எங்களுக்கு.

மழை பொய்த்த வருசம் விளக்குக்காரர் வந்தார்கள். மாலையில் விளக்கு ஏற்றிப் பாடுவதால் ஊர் வைத்த பேர் அது. அவர்களுக்குப் பெரியவர் ஒருவர். ஐயா என்று கூப்பிட்டோம். அவர் அரிசி கொண்டுவரவில்லை. கதிரை கொண்டுவந்தார். எங்களைப் பார்த்து வாங்கோ, இருங்கோ என்றார். ஊருக்குள் கூலிக்குப் போனால் எங்களுக்குத் தேத்தண்ணி சிரட்டையில்தான். படலைக்கு வெளியே குந்தித்தான் குடிப்போம். அக்கா முதல் நாள் அந்தக் கதிரையின் நுனியில்தான் இருந்தாள்.

பிறகு ஐயா விடியற்காலையில் பேர் கூப்பிடத் தொடங்கினார். எல்லோரும் வரிசையில் நிற்கவேண்டும். பேர் சொன்னால் "ஐயா" என்று ஓரடி முன்னே வரவேண்டும். வேறு ஊர்க்காரர் என்றால் இது என்ன கூத்து என்று கேட்டிருப்பார்கள். எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை. தோட்டத்தில் அதைப் பெரட்டு என்போம். இருட்டோடு கணக்கப்பிள்ளை பேர் கூப்பிடுவார். நின்றால்தான் அன்றைக்கு வேலை. பாட்டன் நின்றான், அப்பன் நின்றான். இங்கே வந்த பிறகு எங்கள் பேரை யாரும் கூப்பிட்டதில்லை. வோட்டு லிஸ்டில் எங்கள் பேர் இல்லை. எந்த நாட்டுப் பதிவிலும் இல்லை. ஒருவர் வந்து முழுப்பேர் சொல்லிக் கூப்பிட்டார். நின்றோம். நானும் நின்றேன்.

வாசிகசாலை என்றால் நாலு கப்புக் காலும் மேலே கிடுகு ஓலையும்தான். ஞாயிற்றுக்கிழமைப் பேப்பர் ஒன்று பஸ்ஸில் வரும். நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புவரை போனவன். அதனால் உரத்து வாசிப்பது என் வேலை. மரண அறிவித்தலில் தொடங்கவேண்டும். செத்தவர்கள் ஒருவரும் எங்களுக்குத் தெரிந்தவர்கள் இல்லை. ஆனாலும் அதுதான் முதலில் வேண்டும்.

எழுத்தைக் கூட்டி வாசிக்கும்போது எனக்குப் பொருள் ஏறாது. சத்தம் மட்டும் வாயால் போகும். கேட்கிறவர்களுக்குத்தான் முதலில் விளங்கும்.

அன்றைக்கு உள்பக்கத்தில் ஒரு டொக்டர் எழுதியிருந்தார். கடவுளின் பேரில் ஆட்களைப் பிடிக்கும் கூட்டங்களைப் பற்றி. எல்லாம் வெளிநாட்டுக் கதை. மெல்ல மெல்லப் போனேன்.

"தம்பி, லாடம் கழண்ட மாடு மாதிரிப் போறாய். பஸ் வந்திடும்," என்றார் கடைக்காரர்.

"அப்ப நீங்க வாசிங்க அண்ணே."

"என்னட்டைக் கண்ணாடி இல்லையடா."

"கண்ணாடி இருந்தா மட்டும்?" என்றாள் அக்காவின் மகள். எல்லோரும் சிரித்தோம்.

தாய் காட்டாத அன்பை முதல் நாளே காட்டுவார்கள் என்று இருந்தது. உன் துக்கத்தை எல்லோர் முன்னாலும் சொல்லவைத்து, பிறகு அதையே உன் மூக்கணாங்கயிறாகப் பிடிப்பார்கள் என்றும் இருந்தது. தூங்க விடமாட்டார்கள். கேள்வி கேட்டால் பாவம் என்பார்கள். சொந்தக்காரர் உனக்குத் தடை என்பார்கள். நான் அடுத்த வரிக்குப் போய்விட்டேன்.

"நிப்பாட்டு தம்பி," என்றார் கருவாட்டுக்கார அம்மா. "சொந்தக்காரரைப் பற்றி வாசிச்சியே, அதை இன்னொருக்கா வாசி."

வாசித்தேன்.

"எங்கட கரையில உந்த விளக்குக்காரற்ற வீடு இருக்கு. பொம்பிளைப் பிள்ளையள்தான் கன பேர். போன மாசம் ஒரு தாய் பஸ் ஏறி வந்து படலையில நிண்டவா. பிள்ளை வெளியில வந்தது. உங்களை எனக்குத் தெரியாது எண்டு சொல்லிப்போட்டு உள்ள போட்டுது. தாய் எங்கட கருவாட்டு வாடிக் கொட்டிலுக்குள்ள இருந்துதான் அழுதவா. நான்தான் தேத்தண்ணி குடுத்தனான்."

முன்வீட்டுக்காரி எழுந்துவிட்டாள். "கருவாட்டுக்காரிக்கு ஐயாவப் பத்தி என்ன தெரியும்? வேதக்காரிதானே நீ."

"ஓம், வேதக்காரிதான். எங்கட சேர்ச் சுவாமியும் நல்லா நீட்டிப் பிரசங்கம் வைக்கிறவர். பூசை முடிய வீட்டை போங்கோ எண்டுதான் சொல்லுவார். போகாதேங்கோ எண்டு ஒருநாளும் சொன்னதில்லை."

பஸ் வந்தது. அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறிப் போய்விட்டார். முன்வீட்டுக்காரி பிள்ளைகளை இழுத்துக்கொண்டு நேரே ஐயா இருந்த கொட்டில் பக்கம் போனாள்.

நான் குளக்கட்டில் குந்தி, வெளிச்சம் இருக்கும்போதே, சத்தமில்லாமல் மறுபடி வாசித்தேன். அப்போதுதான் ஏறியது. சில மாதத்துக்கு முன் அக்கா எல்லோர் முன்னாலும் அழுது ஒன்று சொல்லியிருந்தாள். புருசன் சாகவில்லை, இன்னொருத்தியோடு இந்தியாவுக்குக் கப்பல் ஏறிப் போனான் என்று. அதுவரை ஊர் அவளைத் தாலி அறுத்தவள் என்றே நினைத்தது. ஐயா அவள் தலையைத் தடவிக் கொடுத்தார். பிறகு ஒருநாள் காய்ச்சலில் அக்கா வரிசைக்குப் போகவில்லை. அடுத்த நாள் விடியக் கேட்டார், புருசனே விட்டுப்போட்டான், கடவுளும் விட்டால் எங்கே போவாய் என்று. நாங்கள் எல்லோரும் மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

இருக்க முடியவில்லை. எழுந்தேன். சைக்கிள் சங்கிலி கழன்றது. மாட்டினேன். மறுபடி கழன்றது. உருட்டிக்கொண்டே அக்கா வீட்டுப் படலைவரை போனேன், திரும்பினேன். கடை பூட்டியிருந்தது. திரும்பவும் போனேன்.

அக்கா குசினியில் இருந்தாள். "என்னடா அலையுற? கட்டவுத்த நாயி மாதிரி வர்ற, போற."

"பிள்ளைய அனுப்பாதக்கா."

"பேப்பர்ல எழுதுனவனுக்கு நம்மளத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்பறம்?"

எனக்குப் பேச வராது. வாசிக்கட்டுமா என்றேன். வேண்டாம் என்றாள்.

"இங்க இருந்து இவ என்னடா பண்ணப் போறா? மொளகா புடுங்கவா? அங்க தையல் சொல்லிக் குடுக்குறாங்களாம். கதிரையில ஒக்காந்து தைப்பா."

"மாமா, அந்தப் பிள்ள ஏன் அம்மாவத் தெரியாதுன்னுச்சு?" என்றாள் மகள்.

"நீ அடுப்பப் பாரு," என்றாள் அக்கா.

நான் கேட்காமல் வாசித்தேன். அக்கா சட்டியைத் தேய்த்தாள். தேய்த்த சட்டியையே தேய்த்தாள். கடைசிப் பந்தியில், வெளிக்கதையும் வெளிவாசிப்பும் விஷம் என்று தடுப்பார்கள் என்று இருந்தது. முடித்துவிட்டு வந்தேன். இரவு முழுக்கப் பாயில் புரண்டேன்.

திங்கள் விடியற்காலை ஐயா பேர் கூப்பிட்டு முடித்தார். பிறகு குரலை உயர்த்தாமல் சொன்னார்: "வாசிகசாலைக்கு இனி ஒருதரும் போகக்கூடாது. அச்சடிச்ச பேப்பர் விஷம். வீட்டில கிடக்கிறதெல்லாம் கொண்டுவாங்கோ, கொளுத்துவம். வெளியாக்களோட கதையும் வேண்டாம்."

ஆட்கள் ஓடினார்கள். சாமான் சுற்றிய பேப்பரைக் கொண்டுவந்தார்கள். சாமிப்படம் போட்ட கலண்டரும் வந்தது. முன்வீட்டுக்காரி பிள்ளைகளின் பள்ளிக்கூடப் புத்தகங்களைப் போட்டாள். மூத்தவள் ஒன்றைத் திரும்ப எடுக்கக் குனிந்தாள். தாய் முதுகில் அடித்தாள்.

அக்கா அசையவில்லை. தீயைப் பார்த்துக்கொண்டு நின்றாள். திரும்பும் வழியில் என் பக்கம் பார்க்காமல் கேட்டாள்.

"ஐயா இன்னைக்கு என்ன சொல்லுவாருன்னு அந்தப் பேப்பருக்கு நேத்தே எப்பிடிடா தெரிஞ்சிச்சு?"

 

அக்கா செவ்வாயும் வரிசையில் நின்றாள். புதன் நின்றாள். வியாழன் பின்னேரம் போனபோது பிள்ளையின் சட்டைகள் கொடியில் காய்ந்தன. பை திறந்து கிடந்தது. நான் தண்ணி மட்டும் குடித்துவிட்டு வெளியே வந்தேன். மிளகாய்க் கன்றுக்கு மண் அணைக்கப் போய், நல்ல கன்று இரண்டை வெட்டிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை வேன் கொட்டிலுக்கு முன்னால் நின்றது. சனம் வரிசையாக நின்றது. ஐயா போகிற பிள்ளைகளின் பேரைக் கூப்பிட்டார். ஒவ்வொருத்தியாக "ஐயா" என்று முன்னே வந்து ஏறினாள். முன்வீட்டுக்காரியின் பிள்ளைகள் இருவரும் ஏறினார்கள். அக்காவும் மகளும் வரிசையில் நிற்கவில்லை. வீட்டு வேலிக்கு உள்ளே நின்றார்கள். கையில் பை இல்லை.

அக்காவின் மகளின் பேரைக் கூப்பிட்டார். பிள்ளையின் கால் தன்பாட்டில் ஓரடி முன்னே போனது. அக்கா அவள் பின்னலைப் பிடித்தாள்.

மறுபடி, இந்தத் தடவை அக்காவின் பேரைக் கூப்பிட்டார். தோட்டத்து ஆள் ஒருத்தி தன் பேருக்குப் பதில் சொல்லாமல் நின்றதை நான் அதுவரை கண்டதில்லை. வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அக்காவின் உதடு அசைந்தது. வாய்க்குள் அந்த "ஐயா" வந்து நின்றது எனக்குத் தெரிந்தது. விழுங்கிவிட்டாள்.

ஐயா வேலிவரை வந்தார். "புருசன் விட்டிட்டுப் போனவள்..." என்று தொடங்கினார்.

"ஆமா," என்றாள் அக்கா. சத்தமாகத்தான் சொன்னாள். "விட்டுட்டுத்தான் போனான். எனக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். வேற என்ன வச்சிருக்கீங்க?"

வரிசையில் யாரோ சிரித்தார்கள். யார் என்று தெரியவில்லை. ஐயா வேலியை விட்டுத் திரும்பினார். போய் முன்சீட்டில் ஏறினார்.

நான் முன்வீட்டுக்காரியிடம் ஓடினேன். பிள்ளைகளை இறக்கச் சொன்னேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. வேனைப் பார்த்துக் கும்பிட்டாள். கண்ணாடிக்குப் பின்னால் மூத்தவளின் முகம் இருந்தது. தட்டினேன். டிரைவர் எடுத்துவிட்டான்.

ஏறிய பிள்ளைகள் நாலு.